வகுப்பில் இல்லாத எழுத்து

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று வினவினால், எமது பள்ளியின் மிக இளைய மாணவரும் தயங்காது மூன்று என்பர். கணினியோ ஐந்து என்கிறது. சிறார்களுக்கென ஒரு சொல் விளையாட்டை ஆக்க நாம் முற்பட்ட வேளையில் இவ்விடையே எம்மை எதிர்கொண்டது. சரியாக எண்ணிய பிள்ளைக்குத் 'தவறு' என்று காட்டும் கருவியை வகுப்பறையில் வைப்பது எங்ஙனம்? இயந்திரம் பிழைவிடாது என நம்பி வளரும் பிள்ளைகள், தம் ஆசிரியரையும் தம் விரல்களையும் அல்லவா ஐயுறுவர்?

இதன் காரணத்தை ஆராய்வோம். நாம் கையாண்ட பைதன் என்னும் நிரல்மொழி 1991ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்டது. அது திறந்த மூல மென்பொருள். எவரும் அதன் உட்பகுதியைப் படிக்கலாம், விரிவாக்கலாம். ஒரு பொருளின் இயல்பையும் தொழிலையும் ஒருங்கே வரையறுக்கும் பகுதியை நிரலாளர் 'வகுப்பு' என்பர். பைதனில் எண்ணுக்கு ஒரு வகுப்பு உண்டு, திகதிக்கும் உண்டு, சொற்களைத் தாங்கும் சரத்துக்கும் உண்டு. தமிழ் எழுத்துக்கென ஒரு வகுப்பு மட்டும் இல்லை.

சரவகுப்பு எண்ணுவது எழுத்துக்களை அன்று. யூனிக்கோடு முறை வழங்கிய குறியெண்களையே. அம்முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாகிய இரண்டு; 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாகிய இரண்டு. தகரத்துடன் சேர்த்தால் ஐந்து. இதனால் விளையும் இடர் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே ஒலிக்கும் 'விகடகவி'யைத் திருப்பிப் பார்த்தால், இகரக் குறி தனித்துத் தலைப்பில் வந்து நிற்கும். அச்சொல் ஒத்து வரவில்லை எனக் கணினி தீர்ப்பளிக்கும். அகரவரிசையும் அவ்வாறே. அகராதியில் 'மரம்' முன்னும் 'மனம்' பின்னும் வரும். யூனிக்கோடு வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் 'மனம்' முந்திக்கொள்ளும்.

பைதனை ஆக்கியோர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான அடித்தளத்தையே இட்டனர். ஒவ்வொரு மொழியின் இலக்கணத்தையும் அவர்களே எழுதித் தருவர் எனக் காத்திருத்தல் முறையன்று. எனவே அடித்தளத்தை மாற்றாமல், அதன்மேல் எமக்குரிய வகுப்பை எழுத முனைந்தோம். அதன் விதி எளியது. குறியெண்களை ஒவ்வொன்றாக நோக்குக. வந்தது உயிர்க்குறியோ புள்ளியோ எனின் முன்னதனோடு சேர்க்க. அன்றெனில் புதிய எழுத்தைத் தொடங்குக. இவ்வளவில் 'தமிழ்' மூன்றாகிறது, 'விகடகவி'யும் நேராகிறது. அதன்பின் 247 எழுத்துக்களின் மரபு வரிசையை ஓர் அட்டவணையாகக் கொடுத்தால், 'மரம்' தன் இடத்தைப் பெறுகிறது. 'க்ஷ' போன்ற கிரந்த எழுத்துக்களை ஒன்றெனக் கொள்வதா இரண்டெனக் கொள்வதா என்பதை மட்டும் நாமே முடிவுசெய்தல் வேண்டும்.

இப்பாதையில் எமக்கு முன்னரே நடந்தோர் உளர். 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அவர்களும் அவர்தம் நண்பர்களும் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரலகம், ஒரு சொல்லை எழுத்துக்களாகப் பிரித்துத் தரும் செயற்கூற்றைக் கொண்டுள்ளது. எவரும் அதனை விலையின்றிப் பெறலாம்.

நாம் வாழும் எர்லாங்கன் நகருக்கும் இதனையொத்த ஒரு வரலாறு உண்டு. கணித மேதை எம்மி நோத்தர் 1882ஆம் ஆண்டு இங்கே பிறந்தார். அவர் கற்கத் தொடங்கிய 1900ஆம் ஆண்டில் இந்நகரப் பல்கலைக்கழகம் பெண்களை முறையான மாணவராக ஏற்கவில்லை. பேராசிரியர்களின் அனுமதி பெற்று, கேட்போராக மட்டும் வகுப்புகளில் அமர்ந்தார். 1904இல் கதவு திறந்தது. 1907இல் முனைவர் பட்டத்துக்கான தேர்வில் சித்தியெய்தினார். பின்னர் இங்கேயே ஊதியமின்றிப் பணியாற்றினார். இடமில்லாத வகுப்பில் இடம் தேடிக்கொண்ட அவரே, இன்றைய இயற்கணிதத்தின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவரானார்.

எம் பிள்ளைகள் வாரநாட்களில் பயிலும் பள்ளிகளின் நேர அட்டவணையிலும் தமிழ் வகுப்பு இல்லை. அதற்காக அப்பள்ளிகளை நாம் குறைகூறவில்லை. அவை தரும் கல்வியின்மேல் வார இறுதியில் எமது வகுப்பை நாமே கட்டினோம். இல்லாததை உள்ளதன்மேல் எழுப்புதல் நிரலாளருக்கு மட்டும் உரிய கலையன்று.

மாணவச் செல்வங்களே! 'தேருவருதே' என்னும் தொடரைத் தாளில் எழுதி, எழுத்துக்களை எண்ணித் திருப்பிப் பாருங்கள். பின்னர் கணினியிடம் கேளுங்கள். இருவர் விடையும் வேறுபட்டால், கணினிக்குத் தமிழ் கற்பிக்க வேண்டியவர் நீங்களே. வளர்க தமிழ்!