பெஷாவர் முதல் புலியகுளம் வரை

கோயம்புத்தூரைப் பற்றி எழுதுவோர் பஞ்சாலைகளையும் மோட்டார் பம்புகளையும் சிறுவாணித் தண்ணீரின் சுவையையும் குறிப்பிடாமல் விடுவதில்லை. அந்நகரில் ஒரு காலத்தில் படம் பிடிக்கும் தொழிலும் செழித்திருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். 1930களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கோவையின் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும், சேலத்தின் மாடர்ன் தியேட்டர்சும் சென்னைக்கு ஈடாக நின்றன.

குடும்பப் பத்திரிகையில் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று நம் பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். படம் பார்ப்பதன் நன்மை தீமைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்திய மக்களும் பாகிஸ்தான் மக்களும் ஒருவர் ஆக்கிய படத்தையும் பாடலையும் மற்றவர் விரும்பிப் பார்த்தும் கேட்டும் வந்த வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றில் கொங்கு நாட்டுக்கும் பங்குண்டு. அதைச் சொல்லும் இடங்களைத் தேடியே கோவைக்குள் நடக்கிறோம்.

வெரைட்டி ஹால் சாலை

நகர மண்டபத்துக்கு அருகே, ஒப்பணக்காரத் தெருவின் நெரிசலைக் கடந்தால் வெரைட்டி ஹால் சாலை வருகிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ஆம் ஆண்டு கட்டிய திரையரங்கின் பெயரே சாலைக்கும் பெயராயிற்று. தென்னாட்டில் இந்தியர் எழுப்பிய மிகப் பழைய நிலையான திரையரங்குகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் அது டிலைட் என்று பெயர் மாறியது.

கோவையில் பிறந்த வின்சென்ட், திருச்சியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார், வேலையைத் துறந்தார், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். பம்பாய், இலக்னோ என்று தொடர்ந்த அந்தப் பயணம் லாகூர், பெஷாவர் வரை சென்றது.

அன்று அவ்வூர்களுக்கு இரயில் சீட்டு இருந்தால் போதும்; கடவுச்சீட்டு வேண்டியதில்லை. கைபர் கணவாயின் வாசலில் உள்ள மக்கள் அசையும் படத்தைக் கண்டு வியந்தபோது, கருவியின் கைப்பிடியைச் சுழற்றியது ஒரு கோவைத் தமிழரின் கை.

புலியகுளத்துக்கு வந்த யூசுப் கான்

வின்சென்ட் போன வழியே பெஷாவரிலிருந்து ஒருவர் கோவைக்கு வந்தார். அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

புலியகுளத்தில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்திவந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவலை அவர் படமாக்கி 1954ஆம் ஆண்டு வெளியிட்டார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர், மு. கருணாநிதி வசனம் தீட்டினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அக்கதையே தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம், இந்தி ஆகிய மொழிகளிலும் படமாயிற்று. காவிரிக் கரையில் பிறந்த கவிஞரின் கற்பனை ஆறு மொழி பேசியது.

இந்திப் படத்துக்கு ‘ஆசாத்’ என்று பெயர்; 1955இல் வெளிவந்தது. கதாநாயகராக நடிக்கக் கோவைக்கு வந்தவர் திலீப் குமார். முகம்மது யூசுப் கான் என்பது அவருடைய இயற்பெயர். 1922ஆம் ஆண்டு பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியை ஒட்டிய பகுதியில் பழ வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சோகப் பாத்திரங்களையே தொடர்ந்து ஏற்று மனம் சோர்ந்திருந்த அவரை, மகிழ்ச்சியான வேடங்களில் நடிக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். அவ்வேளையில் கோவையிலிருந்து வந்த அழைப்பு மருந்தாக அமைந்தது. சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதையும் அப்படம் அவருக்குப் பெற்றுத் தந்தது.

உடன் நடித்தவர்களையும் பாருங்கள். மஹ்ஜபீன் பானு என்ற இயற்பெயர் கொண்ட மீனா குமாரி கதாநாயகி. வில்லனாக நடித்த பிராண், லாகூர்ப் படங்களில் புகழ் பெற்று, 1947இன் பிரிவினையில் அந்நகரைத் துறந்து வந்தவர். ஓம் பிரகாஷ் லாகூரில் பிறந்தவர். பாடல்களை இயற்றிய இராஜேந்திர கிருஷ்ணன் பிறந்த ஜலால்பூர் ஜட்டான் இன்று பாகிஸ்தானில் உள்ளது. மராட்டியரான இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவோ முதன்முதலில் இசையமைத்தவை தமிழ்ப் படங்களே! லதாவும் உஷாவும் சேர்ந்து பாடிய பாடலுக்கு ஆடியவர்கள் தமிழ்ச் சகோதரிகளான சாயியும் சுப்புலட்சுமியும்.

எல்லைக்கோடு கிழிக்கப்பட்டு எட்டாண்டுகள்கூட ஆகவில்லை. வீடிழந்து வந்தவர்களின் உள்ளத்துப் புண் ஆறியிருக்காது. அவர்கள் கோவையில் கூடி, நாமக்கல்லின் கதையை உருதுச் சொற்கள் கலந்த இந்தியில் பேசி நடித்தார்கள். அப்படத்தை எந்த நாட்டுக்கு உரியது என்று சொல்வது?

அப்துல் ரஹீம் யார்?

இக்கதையில் நம் சமுதாயம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மலைக்கள்ளன் ஊருக்குள் வரும்போது அப்துல் ரஹீம் என்ற செல்வந்த முஸ்லிம் பெருமகனாக வேடமிட்டு வருகிறான். தமிழில் எம்.ஜி.ஆரும் இந்தியில் திலீப் குமாரும் அவ்வேடத்தை ஏற்றனர். ஊரின் நன்மதிப்பைப் பெற்ற மனிதராகத் தோன்றுவதற்குக் கதாநாயகன் தேர்ந்துகொண்ட பெயர் அப்துல் ரஹீம்!

கொங்குச் சந்தைகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ஜவுளியிலும் தோலிலும் மாட்டு வணிகத்திலும் இராவுத்தர்கள் இப்பகுதியின் கவுண்டர்களோடும் செட்டியார்களோடும் நாயுடுக்களோடும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். அந்த நம்பிக்கை திரையிலும் எதிரொலித்தது. யூசுப் கானாகப் பிறந்து திலீப் குமாராகப் பெயர் பெற்றவர், மீண்டும் ஒரு முஸ்லிமாக வேடமிட்டு நின்ற விந்தையும் கோவையில்தான் நிகழ்ந்தது.

மூடிய கதவுகள்

கலைஞர்கள் இவ்வாறு கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் கதவுகள் மூடத் தொடங்கின. 1954ஆம் ஆண்டு ‘ஜால்’ என்ற இந்தியப் படம் இறக்குமதியானதை எதிர்த்து லாகூர்த் திரைத்துறையினர் போராடினர். பம்பாய்ப் படங்களோடு போட்டியிட இயலாதே என்ற வணிக அச்சமே அதன் வேர். 1965ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இந்தியப் படங்களுக்குப் பாகிஸ்தான் முற்றாகத் தடை விதித்தது. நாற்பதாண்டுகள் கழித்து, 2006இல் அத்தடை தளர்ந்தபோது அங்கே திரையிடப்பட்ட படங்களில் ஒன்று திலீப் குமாரின் ‘முகலே ஆஸம்’. 2019இல் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஜிந்தகி தொலைக்காட்சி, பாகிஸ்தான் குடும்பத் தொடர்களை இந்திய இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. மாமியார் மருமகள் சூழ்ச்சிகளில் சலித்திருந்த பெண்கள் அவற்றை விரும்பிப் பார்த்தனர். 2016ஆம் ஆண்டு ஊரித் தாக்குதலுக்குப்பின் அவை நிறுத்தப்பட்டன. 2025ஆம் ஆண்டு பஹல்காமில் அப்பாவிப் பயணிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பாகிஸ்தான் படைப்புகளை இணையத் தளங்களிலிருந்து நீக்குமாறு நம் அரசு அறிவுறுத்தியது. பாகிஸ்தான் வானொலி நிலையங்களும் இந்தியப் பாடல்களை நிறுத்தின.

அப்பாவிகளைக் கொல்வது கொடும்பாவம். அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. நாட்டின் ஆணையை மதிப்பதும் குடிமக்களின் கடமை. ஆனால் ஆணை நிறுத்துவது ஒளிபரப்பை மட்டுமே. அதைச் சாக்காக வைத்து, ஒரு பாடலை விரும்பிக் கேட்டவனின் நெஞ்சத்தையே சோதனையிட முற்படும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

கோட்டைமேட்டின் ஒலிநாடாக்கள்

கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளில் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் வாழ்கின்றன. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் அத்தரோடும் போர்வையோடும் ஒலிநாடாக்களும் வந்த காலம் ஒன்றிருந்தது. நாகூர் ஹனீபாவின் கணீர்க் குரல் ஒலித்த வீடுகளில் சாப்ரி சகோதரர்களின் கவ்வாலியும் மெஹ்தி ஹசனின் கஸலும் ஒலித்தன. மெஹ்தி ஹசன் பிறந்தது இராஜஸ்தானில். குலாம் பரீத் சாப்ரி பிறந்தது இன்றைய அரியானாவில். இங்கிருந்து போன குரல் திரும்பி வந்ததைக் கேட்டோம், அவ்வளவுதான்.

1997 இறுதியின் கலவரத்தையும், 58 உயிர்களைப் பறித்த 1998 பிப்ரவரி 14ஆம் நாளின் குண்டுவெடிப்புகளையும் கோவை மறக்கவில்லை. அதன்பின் நெடுங்காலம் இத்தெருக்களின் பெயரைச் சொன்னாலே வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. குற்றம் செய்தவர்கள் சிலர். சந்தேகத்தைச் சுமந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

அதே 1998ஆம் ஆண்டில் பாகிஸ்தான் அரசு திலீப் குமாருக்கு நிஷானே இம்தியாஸ் விருதை அளித்தது. மறு ஆண்டு கார்கில் போர் மூண்டபோது, விருதைத் திருப்பித் தந்து நாட்டுப்பற்றை மெய்ப்பிக்க வேண்டும் என்று சிலர் குரலெழுப்பினர். அன்றைய பிரதமர் வாஜ்பாயைச் சந்தித்த பின்னர், அவர் விருதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவருக்கே அந்நிலை என்றால், கோட்டைமேட்டில் ஒலிநாடா கேட்ட எளிய மனிதரின் நிலையைச் சொல்லவேண்டுமா?

2021 ஜூலை 7ஆம் நாள் திலீப் குமார் மும்பையில் மறைந்தார். பெஷாவரில் அவர் பிறந்த வீட்டைப் பாகிஸ்தான் அரசு 2014ஆம் ஆண்டிலேயே தேசியச் சின்னமாக அறிவித்திருந்தது. ஸ்ரீராமுலு நாயுடு பிற்காலத்தில் பெங்களூருக்குச் சென்று ஸ்டூடியோ அமைத்தார். கோவையின் படத்தொழில் ஓய்ந்தது. புலியகுளத்தின் போக்குவரத்து இரைச்சலில் அந்த நாட்களை நினைவூட்டும் ஒலி எதுவும் இல்லை.

மனிதர்கள் பல குலத்தினராகவும் பல கிளையினராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று திருமறை போதிக்கிறது. பகைமைக்கு நடுவிலும் அவ்வாறு அறிந்துகொள்ளக் கிடைத்த வழிகளில் பாட்டும் கதையும் அடங்கும். கோவைக்குச் செல்லும் வாசகர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெரைட்டி ஹால் சாலையிலும் புலியகுளத்திலும் சற்று நடந்து வாருங்கள். “பாகிஸ்தான் பாட்டைக் கேட்டால் நாம் யார்?” என்று அவர்களை யாரேனும் கேட்கும் நாள் வரக்கூடும். பெஷாவருக்குப் படம் கொண்டுபோன ஊரின் மக்கள் நாம், பெஷாவர்க்காரர் நடிக்க வந்த ஊரின் மக்கள் நாம் என்று தலைநிமிர்ந்து விடை சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.