மாம்பலத்தில் பாத்திரம், மயிலையில் உளுந்து, அடையாறில் இட்லி

‘இங்கு இட்லி மாவு கிடைக்கும்.’ அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர் பக்கம் மளிகைக்கடை, பால் கடை, பெட்டிக்கடை என்று எங்கே நின்றாலும் இப்படி ஓர் அட்டை கண்ணில் படும். தரமணி, பெருங்குடி அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வட்டாரம் இது. சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு பாக்கெட் மாவை வாங்கிக்கொண்டால் மறுநாள் காலைக் கவலை தீர்ந்தது.

இவர்களில் பலர் நன்றாகவே சமைப்பவர்கள். சாம்பார் வைப்பார்கள், பிரியாணிகூடச் செய்வார்கள். மாவு அரைத்துப் புளிக்க வைப்பதென்றால் மட்டும், “அதெல்லாம் அம்மா கைராசி” என்று ஒதுங்கிவிடுவார்கள். உண்மையில் கைராசிக்கு இதில் பெரிய வேலை இல்லை. நல்ல உளுந்து, அளவான உப்பு, கொஞ்சம் வெப்பம், ஓர் இரவுப் பொறுமை. இவற்றில் வெப்பத்தைச் சென்னை இலவசமாகவே கொடுத்துவிடுகிறது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்கான சாமான்களை விற்கத் தனிக் கடைகளே இருக்கின்றன. தமிழ்நாட்டில் அந்த ஆசை வந்தால் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால், பீர் தயாரிப்பவர் கவலைப்படும் அதே விஷயங்களை, அதாவது பாத்திரத்தின் சுத்தம், சூடு, நேரம் ஆகியவற்றை மயிலாப்பூர் மாமிகள் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வருகிறார்கள். பீருக்கு ஈஸ்ட் வாங்கிச் சேர்க்க வேண்டும். இட்லி மாவுக்கு அதுவும் வேண்டாம். உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிரிகளே போதும். லூக்கனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற, வாயில் நுழையாத பெயர் கொண்ட பாக்டீரியாதான் இதில் முக்கியப் புள்ளி. அது வெளிவிடும் கரியமில வாயு, உளுந்து மாவின் கொழகொழப்பில் சிக்கிக்கொள்கிறது. மாவு பொங்குவது அதனால்தான்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். முதல் நிறுத்தம் மாம்பலம் ரயில் நிலையம். படியிறங்கினால் ரங்கநாதன் தெருவின் கூட்டமே ஆளை உஸ்மான் சாலைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்குள்ள பாத்திரக் கடைகளில் தேவைப்படுவது இரண்டே பொருள்கள்: ஓர் இட்லிப் பானை, மாவைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம். ‘இந்த அளவு போதும்’ என்று தோன்றும் பாத்திரத்தைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நல்லது. அந்த ஒரு சைஸ் குறைந்தால் காலையில் சமையல் மேடையைத் துடைக்க வேண்டியிருக்கும். துணி போட்டு வேகவைக்கும் இட்லித் தட்டு கிடைத்தால் அதையே எடுக்கலாம். அந்த இட்லியின் மென்மை தனி.

கிரைண்டர் அவசியமா? இரண்டு பேருக்கு மிக்ஸி போதும். ஆனால் மிக்ஸி சூடேறும், உளுந்து சரியாக உப்பாது. குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு அரைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வாரா வாரம் அரைக்கப்போகிறோம் என்று உறுதியானால் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் வாங்கலாம்.

கிரைண்டரைப் பற்றிப் பேசும்போது கோயம்புத்தூர் பி. சபாபதியை நினைக்காமல் இருக்க முடியாது. மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை 1955-ல் உருவாக்கியவர் அவர். அதற்குமுன் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே வீட்டுப் பெண்கள் கழித்த நேரத்துக்குக் கணக்கே இல்லை. பாக்கெட் மாவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை.

தி.நகரிலிருந்து அடுத்து மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளிலும் தண்ணீர்த்துறை மார்க்கெட் பக்கத்திலும் உள்ள மளிகைக் கடைகளில், ‘இட்லி அரிசி’ என்று கேட்டாலே குண்டான புழுங்கல் அரிசியை எடுத்து வைப்பார்கள். கவனம் வைக்க வேண்டியது உளுந்தில்தான். தோல் நீக்கிய முழு உருண்டை உளுந்து வேண்டும். பழைய உளுந்து எவ்வளவு நேரம் அரைத்தாலும் பொங்காது. நிறம் மங்கி, வண்டு வாடை அடித்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம். சரக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும் கடையில் வாங்குவதுதான் சுலபமான வழி. கூடவே கொஞ்சம் வெந்தயம், கல் உப்பு.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நான்காவது நிலையம் கஸ்தூரிபா நகர். மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

கிரைண்டர் என்றால் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, மிக்ஸி என்றால் மூன்றுக்கு ஒன்று. அரிசி நான்கைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம் சேர்த்துத் தனியாக ஊற வைக்க வேண்டும். உளுந்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால், கடைசியாக ஊற வைப்பதற்கும் அரைப்பதற்கும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே நல்லது. கிருமியைக் கொல்லப் போட்ட மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது.

முதலில் உளுந்து. தண்ணீரைக் கொட்டாமல் கை கையாகத் தெளித்து, கிரைண்டரில் அரைமணி நேரம்போல அரைக்க வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் துளி மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டுக் கோட்டை விடும் இடம் இதுதான். அரிசி நைஸாக வேண்டாம், மெல்லிய ரவைப் பதம் போதும். இரண்டையும் உப்போடு சேர்த்துக் கையால் அடிவரை கலந்து மூடி வைக்கலாம். கையால்தான் கலக்க வேண்டும் என்பது பலருடைய நம்பிக்கை. கரண்டியால் நன்றாகக் கலந்தாலும் மாவு பொங்கத்தான் செய்யும்.

அதன்பிறகு எல்லாம் சென்னையின் கையில். உப்பு, புளிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தும். அதனால் கத்திரி வெயில் காலத்தில் அரைத்த உடனே உப்புப் போடுவது நல்லது. அந்த நாட்களில் ஆறேழு மணி நேரத்திலேயே மாவு தயாராகிவிடும். இரவு எட்டு மணிக்கு அரைத்துவிட்டுக் காலை எட்டுக்கு எழுந்தால் புளிப்பு தலைக்கேறியிருக்கும். படுக்கப்போகும் நேரத்தில் அரைத்து, விடிந்ததும் ஃபிரிட்ஜில் வைப்பதே சரி. மார்கழியில் கதை வேறு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அப்போது உப்பைக் காலையில் சேர்க்கலாம், பாத்திரத்தைக் கனமான துண்டால் சுற்றி அடுப்பருகில் வைக்கலாம். மயிலாப்பூர் மார்கழிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: சபா கேன்டீன். ஏ.சி. ஓடும் அறையில் மட்டும் எந்த மாதமும் மாவை வைக்கக் கூடாது.

காலையில் பொங்கியிருக்கும் மாவைக் கலக்கிவிடாமல், மேலாக எடுத்துத் தட்டில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்தால் முதல் நாள் இட்லி. மறுநாள் அதே மாவு தோசையாகும். மூன்றாம் நாள் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். ஃபிரிட்ஜில் இருந்தாலும் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். மேலே இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கறுப்போ படர்ந்திருந்தால் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும், அலுவலக நெருக்கடியில் பாக்கெட் வாங்கும் வாரங்கள் வரத்தான் செய்யும். அப்போது அரைத்த தேதி அச்சிட்டிருக்கிறதா, கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பார்த்து வாங்கலாம். வாசலில் வெயில் படுகிற தட்டில் பந்துபோல உப்பிக் கிடக்கும் பாக்கெட், நேற்றே இட்லியாகியிருக்க வேண்டியது.