நிழலளக்கும் கோல்

தொடக்கப் பள்ளியில் கற்ற அறிவியலில் நம்மில் பெரும்பாலோரிடம் எஞ்சி நிற்பவை சில வாக்கியங்கள் மட்டுமே. சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது. நண்பகலில் நிழல் காலடியில் விழும். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்துள்ளது. முதலிரண்டு வாக்கியங்களை எவரும் ஐயுறுவதில்லை. மூன்றாவதை எவரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை. இம்மூன்றும் ஒரே செய்தியின் மூன்று பக்கங்கள் என்பதும், முதலிரண்டும் ஆண்டின் மிகச் சில நாட்களுக்கே துல்லியமாகப் பொருந்தும் என்பதும் வகுப்பறையில் பேசப்படுவதே இல்லை.

தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி வரும்போதெல்லாம் இந்த வேலை தானாகவே வந்து சேர்கிறது. கோல் நட்டு, அதன் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகல் நேரம் பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறிக்கின்றனர். நச்சினார்க்கினியரின் உரை இதற்குச் சித்திரைத் திங்களைச் சுட்டுகிறது. ஏன் சித்திரை? பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் படித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் இதைக் கேட்டால் மௌனமே விடை. சரி, மார்கழி ஏன் குளிர்கிறது என்று கேட்டால் மட்டும் உடனே விடை வருகிறது: அப்போது சூரியன் தூரமாகப் போய்விடுகிறதாம்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில், மார்கழி பாதி கடந்த நிலையில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் அது 15.2 கோடி கிலோமீட்டராக விலகிவிடுகிறது. நாம் கம்பளி தேடும் அதே மார்கழியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தொலைவுதான் காரணமென்றால் பூமி முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தாக வேண்டும் அல்லவா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைத் தொடக்கப் பள்ளி தந்திருந்தால் போதும். அது தந்தது 23.5 என்ற எண்ணை மட்டுமே.

அந்த எண்ணைக் கண்ணால் காண்பதற்கு ஒரு கோல் போதும். ஒரு மீட்டர் உயரக் கோலை வெயில்படும் முற்றத்தில் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருநாள் அதன் மிகக் குறுகிய நிழலை அளந்து குறித்து வரவேண்டும். கடிகாரம் பன்னிரண்டு காட்டும் நேரமே நண்பகல் என்று கொள்ளக் கூடாது. நிழல் குறுகிக் குறுகி வந்து மீண்டும் நீளத் தொடங்கும் அந்தத் திருப்பமே உண்மையான நண்பகல். சென்னையில் டிசம்பர் 22ஆம் நாளையொட்டி நண்பகல் நிழல் வடக்கு நோக்கி 74 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும். தை, மாசி, பங்குனி என்று அது சுருங்கிக்கொண்டே வரும். ஏப்ரல் 24ஆம் நாளையொட்டி நிழல் முற்றிலும் மறையும். அதன்பின் நிகழ்வதைத்தான் நம்மில் பலர் ஒருமுறையும் கவனித்ததில்லை. நிழல் தெற்கே விழத் தொடங்குகிறது. ஜூன் 21ஆம் நாளையொட்டித் தெற்கே 18 சென்டிமீட்டர் வரை சென்று திரும்பி, ஆகஸ்ட் 18ஆம் நாளையொட்டி மறுபடியும் மறைந்து, மீண்டும் வடக்கே நீள்கிறது. நிழலின் இந்தப் போக்குவரத்துதான் அச்சின் சாய்வு. உரையாசிரியர் சொன்ன சித்திரையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

குளிருக்கான காரணமும் அதே நிழலில் இருக்கிறது. ஒரு டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் சிறிய, பளிச்சென்ற வட்டம் விழும். சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி பரந்து மங்கும். நிழல் நீள்கிறதென்றால் வெயில் சாய்ந்து விழுகிறது, அதே வெயில் அதிக நிலத்துக்குப் பங்கிடப்படுகிறது என்றே பொருள். பகற்பொழுதும் அப்போது குறுகுகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு சிறுவன் இப்படித்தான் கோல் நட்டான். ஆனியிலும் ஆடியிலும் விடாமல் அளந்து, ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்தான். காலாண்டுத் தேர்வில் நண்பகலில் நிழல் எங்கே விழும் என்றொரு கேள்வி வந்தது. ‘ஆடி மாதத்தில் தெற்கே விழும், இப்போது வடக்கே விழுகிறது’ என்று எழுதினான். எதிர்பார்த்த விடை ‘காலடியில்’ என்பதால் அவனுக்கு மதிப்பெண் இல்லை. தந்தையும், “புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுதுடா” என்று முடித்துவிட்டார். பையன் நோட்டோடு நம்மிடம் வந்து கேட்டான்:

“அப்போ நான் பார்த்தது பொய்யா, சார்?”

“இல்லப்பா, நீ பார்த்ததுதான் சரி.”

“பின்ன ஏன் சார் தப்புன்னு போட்டாங்க?”

ஒரு மதிப்பெண் பெரிய இழப்பன்று. தன் கண்ணால் கண்டதற்கும் தாளில் எழுத வேண்டியதற்கும் தொடர்பில்லை என்று ஒரு குழந்தை பத்து வயதில் முடிவுசெய்துவிடுவதுதான் இழப்பு. அந்த முடிவோடு வளர்ந்தவர்களே பின்னர் நம் வகுப்பில் அமர்ந்து, மார்கழியில் சூரியன் தூரம் என்கிறார்கள். இதில் அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. விடைக்குறிப்பில் ஒரு சொல்தான் இருக்கிறது. திருத்த வேண்டிய தாள்களோ கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவருக்கும் எவரும் கோல் நடக் கற்றுத் தரவில்லை.

இந்த இடத்தில் பயிற்றுமொழிச் சண்டை வந்துவிடுகிறது. தமிழில் படிப்பதால்தான் புரியவில்லை என்று ஒரு சாராரும், ஆங்கிலத்தில் படிப்பதால்தான் புரியவில்லை என்று இன்னொரு சாராரும் வாதிடுகின்றனர். தாய்மொழியே ஏற்றது என்பதில் நமக்கு ஐயமில்லை. அறிவியலைத் தெளிந்த தமிழில் சொல்ல முடியும் என்பதைப் பெ.நா. அப்புசாமி தம் வாழ்நாள் முழுவதும் எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் கற்றால் எம்மொழியும் மந்திரமாகிவிடும். ‘அச்சின் சாய்வு’ என்பதைத் தமிழில் ஒப்பிக்கும் குழந்தையின் முகத்தில் உள்ள வெறுமைதான், அதை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் குழந்தையின் முகத்திலும் இருக்கிறது. ‘சாய்வு’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு கூடுதல் நன்மை உண்டு: அது குழந்தைக்கு முன்பே தெரிந்த சொல். வெயில் சாய்கிறது, பொழுது சாய்கிறது என்று வீட்டில் கேட்ட சொல். அந்தச் செல்வத்தைப் பயன்கொள்ளாமல் விடுவதுதான் நம் வறுமை.

கோல் இன்னும் வெகுதூரம் அழைத்துச் செல்லும். சென்னையில் நிழல் மறையும் நாளன்று கன்னியாகுமரியில் ஒரு பள்ளி இதே உயரக் கோலை நட்டிருந்தால், அங்கே நண்பகல் நிழல் தெற்கே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இருக்கும். கோலையும் நிழலையும் அளவுக்கேற்பத் தாளில் வரைந்து கோணமானியை வைத்தால் 5 பாகை கிடைக்கும். ஒரு முழு வட்டத்தில் 72 ஐந்து பாகைகள் உண்டு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக நேர்த்தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000! அரைப் பாகை தவறினால் விடை பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். அந்தத் தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவதும் பாடமே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் எரடோஸ்தனீஸ் இதே முறையில்தான் உலகை அளந்தார். அவருக்கும் நிழலும் கணக்கும்தான் துணை.

ஆய்வுக்கூடம் இல்லை, கருவிகள் இல்லை, நிதி இல்லை என்று கிராமப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் முற்றமும் வெயிலும் இல்லாத பள்ளி தமிழகத்தில் அரிது. பாடநூலின் ஓரிரு பக்கங்களை விடை அச்சிடாமல் வெறுமையாக விட்டு, ‘உங்கள் ஊரில் இன்று நண்பகல் நிழல் எத்திசையில் விழுந்தது, எவ்வளவு நீளம்?’ என்று மட்டும் கேட்கலாம். கன்னியாகுமரிக் குழந்தையின் விடையும் சென்னைக் குழந்தையின் விடையும் வேறாக இருக்கும். இரண்டும் சரியாக இருக்கும். அப்படியொரு கேள்வியைத் திருத்த ஆசிரியரும் வெயிலில் இறங்கி நிற்க நேரும்.