'தயார்' என்றொரு கடிதம்

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. பலரால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. வங்கிக்கு அபராதம், சரி. என்னை உலுக்கியது 2023 செய்திதான்: அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி கார்லோஸ் அபார்காவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம்.

அவர் மென்பொருள் எழுதியவர் அல்ல. இந்த மாற்றத்துக்கான ஒப்பந்த நிறுவனம் 'தயார்' என்று தந்த கடிதத்தைப் போதிய அளவு துருவவில்லை என்பதே குறை. அந்த நிறுவனமோ வங்கியின் தாய்க் குழுமத்தைச் சேர்ந்தது. சொந்தக்காரனிடம் ரசீது கேட்கிற சங்கடம்! ஏற்கெனவே ஒருமுறை மாற்றத்துக்கான தேதி வேறு தள்ளிப்போயிருந்தது. மறுபடியும் "இன்னும் ஆகலை சார்" என்று போர்டு முன்னால் நிற்க எத்தனை பேருக்கு வாய் வரும்?