கண்ணுக்குத் தெரியாத பயணி

வெளிநாட்டுப் பயணம் என்றதும் கடப்பிதழ், பயணச்சீட்டு, உடைகள் எனப் பலவற்றையும் மக்கள் கவனமாக எடுத்து வைக்கின்றனர். உணவைப் பற்றி மட்டும் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை. அழகாகப் பரிமாறப்படும் உணவு பாதுகாப்பானது என்றே நம்புகின்றனர்.

1975ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தோக்கியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற விமானம் ஒன்றில் 344 பயணிகள் இருந்தனர். வழியில் அலாஸ்காவில் ஏற்றப்பட்ட ஆம்லெட் அவர்களுக்குக் காலை உணவாக வழங்கப்பட்டது. சிறிது நேரத்தில் ஏறத்தாழ 200 பேர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துடித்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சமையற்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணே இதற்குக் காரணம். புண்ணிலிருந்த கிருமிகள் உணவில் கலந்தன. அவ்வுணவு பல மணி நேரம் குளிரூட்டப்படாமல் இருந்ததால் கிருமிகள் பெருகி நஞ்சை உண்டாக்கின. மீண்டும் சூடாக்கியும் அந்நஞ்சு அழியவில்லை. நல்லவேளையாக, விமானிகள் அதனை உண்ணவில்லை.

உணவின் தோற்றத்தைவிட, அது கையாளப்பட்ட முறையே முக்கியம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. விடுதியில் நெடுநேரம் ஆறிக் கிடக்கும் விருந்தைவிட, சாலையோரக் கடையில் கண்ணெதிரே சுடச்சுடச் சமைத்துத் தரப்படும் மீ கோரெங் பாதுகாப்பானதாக இருக்கலாம். தூய்மையற்ற நீரில் செய்த பனிக்கட்டியும் ஆபத்தானதே. உறைந்தாலும் பல கிருமிகள் சாவதில்லை. வெட்டி வைத்த பழத்தைவிட, கைகளைக் கழுவிவிட்டு நாமே உரித்த வாழைப்பழம் நல்லது.

“இது எப்போது சமைத்தது?” என்று கேட்பதற்கு எந்த ஊரிலும் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.