கரட்டுப் பாறையும் குரோமியமும்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெண்மை படர்ந்து கிடக்கும் சுண்ணாம்புக் கரட்டைச் சுற்றியுள்ள நிலங்களில் குரோமியமும் நிக்கலும் மிகுந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் எழுதியவற்றைப் படித்த நாள்முதல், இவ்வுலோகங்கள் இங்கே எவ்விதம் வந்து சேர்ந்தன என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆலைகளே காரணம் என்று அநேகர் சொல்லுகிறார்கள். அந்த விடையோடு திருப்தியடைய முடியாமல், கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களின் ஓரமாக நடந்தும், பழைய புவியியல் ஏடுகளைப் புரட்டியும் இவற்றின் பூர்வீகத்தைத் தேடலானேன்.

தேடல் முதலில் பாறையில் போய் நின்றது. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த டியூனைட் என்னும் கரும்பச்சைப் பாறை நெடுங்காலம் சிதைந்து மாறியதால் உண்டானதே இங்கு வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல்; அப்பாறையின் ஸ்வபாவத்திலேயே நிக்கலும் குரோமியமும் கலந்திருக்க, கருப்பூரில் குரோமைட் என்னும் தாதுவும் அதனூடே காணப்படுகிறது. தெற்கே, 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டியில், அனார்த்தசைட் பாறையோடு இதே குரோமைட் அடுக்கடுக்காய் அமைந்திருப்பதை ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் புவியியலாளர் 1956-இல் விரித்தெழுதியிருக்கிறார். சந்திரயான்-2 கலத்தைச் சோதிப்பதற்கு நிலவின் மண்ணை ஒத்த மண்ணை இஸ்ரோ தயாரித்ததும் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்தே என்று அறிந்தபோது, நம் காலடி மண்ணை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்று வியந்தேன்.

ஆக, மனிதன் உலை மூட்டுவதற்கு யுகங்களுக்கு முன்பே இம்மண்ணில் குரோமியம் இருந்தது. அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லையா? இதற்கு விடை ரசாயன சாஸ்திரத்தில் இருக்கிறது. பாறைக்குள் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்ட நிலையில், நீரில் எளிதில் கரையாமல் அடங்கியிருக்கும். அதுவே ஆறு இணைதிறன் கொண்ட நிலையை அடைந்துவிட்டால், நீரில் கரைந்து நிலத்தடி ஊற்றோடு ஓடும். தூளாகவோ ஆவியாகவோ சுவாசத்தில் கலந்தால் நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை ஆறாக்கும் இம்மாற்றத்தை மெல்ல மெல்லச் செய்யக்கூடும். சூளையோ அதைச் சில மணி நேரத்தில் செய்து முடித்துவிடுகிறது. குரோமைட்டைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்துக் குரோமேட் எடுத்த ராணிப்பேட்டை ஆலையொன்று 1990-களில் மூடப்பட்ட பின்னரும், அது விட்டுச் சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல் மழைதோறும் கசிந்து அப்பிரதேசத்து நிலத்தடி நீரைக் கெடுத்து வருவதே இதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

சேலத்தில் அத்தகைய குவியல் இல்லை. ஆயினும், மலைபோல் கொட்டிய சுரங்கக் கழிவிலிருந்து எழும் தூசியும், முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரும், சாயக்கழிவு சுமந்து நாமக்கல் வழியே காவிரியை நாடும் திருமணிமுத்தாறும் பாறை தந்ததோடு தம் பங்கையும் சேர்க்கின்றன. இயற்கை வைத்தது எவ்வளவு, மனிதன் சேர்த்தது எவ்வளவு என்று கிராமந்தோறும் பிரித்தறியாத வரையில், "பாறையிலேயே இருக்கிறது" என்ற சமாதானத்தை எந்த ஆலையும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

2015 முதல் விவசாயிகளுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் உண்டு. துத்தநாகமும் தாமிரமும் அதில் இருக்கின்றன, குரோமியமும் நிக்கலும் இல்லை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலேனும் அவ்விரண்டையும் சேர்க்க வேண்டுமென்று வேளாண்மைத் துறையை வேண்டுகிறேன். கரட்டை அடுத்துக் கிணறு வைத்திருப்போர் அதுவரை காத்திராமல், ஒரு லிட்டர் குடிநீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்ற இந்தியத் தர அளவை நினைவில் வைத்து, தங்கள் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.