கருநீர் ஆற்றின் கரையில்

நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து ஓடும் பேராறு காங்கோ. அதன் கரையில், ஏறத்தாழ நிலநடுக்கோட்டின் மீதே அமைந்த நகரம் ம்பண்டாக்கா. அந்நகருக்குச் சற்று மேலே ருக்கி எனும் கிளையாறு வந்து கலக்கிறது. கலக்கும் இடத்தில் இரு நிறங்களைக் காணலாம். காங்கோ பழுப்பு; ருக்கியோ பாலூற்றாத தேநீரைப் போலக் கறுத்திருக்கும். சதுப்புக் காட்டில் உதிர்ந்து ஊறும் இலைகளின் சாறே அந்த நிறம். உலகின் பெரிய ஆறுகளுள் மிகக் கறுத்த நீர் கொண்டவற்றில் இதுவும் ஒன்று என ஆய்வாளர்கள் கூறுகின்றனர். கையில் அள்ளினால் பொன்னிறம். ஆழத்தில் நோக்கினால் மை.

இவ்வாற்றில் மேலேறி, புசிரா எனும் அதன் கிளையில் உள்ள ஒரு சிற்றூருக்கு நாம் சென்றது 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில். நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் துறவற சபையில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் பணியாற்றுகிறார். "ஒருமுறையாவது வந்து பாரும்" என்று மடல்தோறும் எழுதுவார். கின்ஷாசாவிலிருந்து ம்பண்டாக்காவரை வானூர்தி. அதன்பின் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தோணியில், வால்பக்கம் பொருத்திய இயந்திரத்தின் துணையோடு இரண்டு நாள் பயணம். அங்குச் சாலை என்பதே ஆறுதான். எரிபொருள் விலை மிக அதிகம். ஆகவே குருவானவர் ஓர் ஊருக்குச் செல்வது அவருடைய ஆர்வத்தைப் பொறுத்ததன்று, பீப்பாயில் மிஞ்சியிருக்கும் பெட்ரோலைப் பொறுத்தது. நண்பருடைய பங்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உண்டு. நாம் சென்ற ஊரில் திருப்பலி நிகழ்ந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

கரையேறியதும் குழந்தைகள் "மொண்டெலே! மொண்டெலே!" என்று ஆர்ப்பரித்தனர். லிங்காலா மொழியில் அதற்கு வெள்ளைக்காரர் என்று பொருள். நம் நிறத்தை அறிந்த அன்பர்கள் இங்கே நகைத்துக்கொள்ளலாம். நண்பரிடம் கேட்டோம். "அவர்கள் உம் தோலைப் பார்க்கவில்லை சாமி, உம் காலணியைப் பார்க்கிறார்கள்" என்றார். வெளியிலிருந்து வருவோர் எல்லாருக்கும் அங்கே அதுவே பெயராம்.

ஊர் என்பது ஆற்றுக்கு இணையாக நீளும் ஒரே தெரு. மூங்கிலும் கழியும் கட்டி மண் அப்பிய சுவர்கள். பனையோலையை ஒத்த ஓலைக் கூரைகள். வீடுகளுக்குப் பின்னால் வாழையும் மரவள்ளியும். அவற்றின் பின்னால் உடனே காடு. அக்காட்டின் தரை நம் காடுகளின் தரை போன்றதன்று. சதுப்பில் மட்காத இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கரிநிலமாகக் கிடக்கின்றன. காங்கோ வடிநிலத்தில் இவ்வகை நிலம் ஏறக்குறைய 1,45,500 சதுர கிலோமீட்டர் பரவியுள்ளது என்றும், அதில் 3,000 கோடி டன் கரிமம் அடங்கியுள்ளது என்றும் 2017ஆம் ஆண்டு அறிஞர்கள் கணித்தனர். தமிழ்நாட்டின் பரப்பைவிட இது பெரிது. காட்டின் கரிமத்திற்குக் கணக்கு இருக்கிறது. அவ்வூரின் மக்களுக்கு இருந்த கணக்கு ஒரே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். அதைக் குறித்துப் பின்னர் சொல்வோம்.

மாலையில் ஓடையோரம் பெண்கள் மரவள்ளிக் கிழங்குகளை நீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தனர். அங்கு விளையும் கசப்பு வகையில் நஞ்சு உண்டு. தோலுரித்து மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, நஞ்சு நீங்கியபின் இடித்துப் பிசைந்து, அகன்ற காட்டிலைகளில் இறுகச் சுற்றி ஆவியில் அவிப்பர். குவாங்கா என்று பெயர். நம் பழைய சோற்றின் புளிப்பு அதிலும் உண்டு. பல நாள் கெடாது என்பதால் ஆற்றுப் பயணிகளின் கட்டுச்சோறும் அதுவே. தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கைப் போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுவந்து சேர்த்தனர். வந்த உணவு இன்று அவர்களுடைய உயிராகிவிட்டது. நமக்கோ அன்றிரவு குவாங்காவும், செம்பனை எண்ணெயில் வெந்த மரவள்ளிக் கீரையும், புகையூட்டிய மீனும் கிடைத்தன. பரிமாறிய அம்மையார் நாம் உண்டு முடிக்கும்வரை அமரவே இல்லை.

இனி அந்த நோட்டுப் புத்தகம். அவ்வூரின் வேதியர் அறுபதை நெருங்கியவர். மெலிந்த உடல், குறைந்த பேச்சு. மீன்பிடித்தலும் மரவள்ளித் தோட்டமும் அவர் பிழைப்பு. வேதியர் பணிக்கு ஊதியம் இல்லை. நெகிழித் தாளில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தைக் கொணர்ந்து விளக்கொளியில் திறந்தார். திருமுழுக்குக்குக் காத்திருக்கும் குழந்தைகள், மணம் முடிக்கக் காத்திருக்கும் இணையர், இறந்தோர் என ஒவ்வொரு பெயரும் கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. சாகும் தறுவாயில் அவரே திருமுழுக்கு அளித்த சிசுக்கள் இருவர். அவரே செபித்து அடக்கம் செய்தோர் ஒன்பது பேர். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி இறைவார்த்தையைப் படித்து விளக்குவதும், சண்டையிட்டோரை அழைத்துப் பேசுவதும் அவரே.

திருச்சபை வரலாற்றில் இது புதிதன்று. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபின், 1830களின் இறுதியில் அச்சபையார் மீண்டும் மதுரைப் பகுதிக்கு வரும்வரை, நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவும் குருவின் முகத்தை அரிதாகவே கண்டன. அந்நாளில் விசுவாசத்தை அணையாமல் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று நம் பங்கு வரலாறுகளில் இருக்கிறது? காங்கோவிலோ, கின்ஷாசாவின் பேராயராயிருந்த கர்தினால் மலுலா 1970களிலேயே பங்குகளைப் பொதுநிலையினர் பொறுப்பில் ஒப்படைக்கும் துணிவு கொண்டார். அவ்வாறு பொறுப்பேற்றவரை மொகாம்பி என்றனர். வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் நிறுவியது 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள். அச்செய்தியை நண்பர் எடுத்துரைத்தபோது வேதியர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, மறுநாள் திருமுழுக்குக்கு எத்தனை மெழுகுதிரி இருக்கிறது என்று வினவினார்.

ஞாயிறு விடியலில் நம்மை எழுப்பியது மணியோசையன்று. லொகொலே எனும் மரமுரசு. ஒரு மரத்துண்டை நீளவாக்கில் பிளவு விட்டுக் குடைந்தால், பிளவின் ஓர் உதடு உயர்ந்த ஒலியும் மறு உதடு தாழ்ந்த ஒலியும் தரும். மோங்கோ மக்களின் மொழியில் சொல்லின் பொருள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தது. ஆகவே அவ்விரு ஒலிகளைக் கொண்டே முரசு பேசும். ஒரே ஏற்ற இறக்கமுடைய சொற்கள் பல இருப்பதால், பொருள் மயங்காதிருக்க ஒரு சொல்லுக்கு ஒரு நீண்ட தொடரையே முழக்குவர். சுருங்கச் சொல்வது முரசுக்கு இயலாது. (நம் மறையுரைகளை நினைத்துக்கொண்டோம்.) "குரு வந்துவிட்டார்" என்ற செய்தி ஆற்றின் மீது போய்க்கொண்டேயிருந்தது. ஒரு மணி நேரத்திற்குள் தோணிகள் வரத் தொடங்கின.

திருப்பலி, 1988இல் உரோமை ஒப்புதல் அளித்த சயீர் வழிபாட்டு முறைப்படி நடந்தது. தொடக்கத்திலேயே புனிதர்களோடு நேரிய உள்ளம் கொண்ட முன்னோரும் அழைக்கப்படுகின்றனர். உன்னதங்களிலே பாடலின்போது பீடத்தைச் சுற்றி ஆடுகின்றனர். அதைக் கூத்து என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அம்முதியவர்களின் அடிவைப்பைக் கண்டிருந்தால் அப்படிச் சொல்லார். மன்னிப்பு வழிபாடு தொடக்கத்தில் இல்லை. இறைவார்த்தையைக் கேட்டபின் வருகிறது. வார்த்தை சுட்டிக்காட்டிய பிறகே பாவம் தெரியும் என்பது அதன் கருத்து. மார்பின் குறுக்கே கைகளை மடித்துத் தலைகுனிந்து நின்றனர். நீர் தெளிக்கப்பட்டது. உடனே சமாதானம் அறிவிக்கப்பட்டது.

அப்போது வேதியர் தம் இடத்தை விட்டு எழுந்து நடுவில் வந்து நின்றார். இரு பெண்கள் இரு பக்கத்திலிருந்து வந்தனர். வறட்சிக் காலத்தில் ஓடையை மண்ணால் அடைத்து நீரை இறைத்து மீன் பிடிப்பது அங்கே பெண்களின் தொழில். ஒரு குட்டை யாருடையது என்பதில் அவர்களிருவரும் ஓராண்டாகப் பேசாதிருந்தனராம். ஒருவர் கையை மற்றவர் பற்றினார். முகம் இளகியதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் பற்றிய கையை விடவில்லை. ஊரே காத்திருந்தது, அதன்பின்னரே காணிக்கை வந்தது.

காணிக்கையில் வாழைத்தாறும் குவாங்காவும் உயிருள்ள கோழியும் வந்தன. அப்பமும் இரசமும் மட்டும் வெளியிலிருந்து வந்தவை. கோதுமையும் திராட்சையும் அக்காட்டில் விளைவதில்லை. தம் மண்ணில் விளையாத உணவால்தான் இயேசு தம்மைத் தரவேண்டுமா என்று ஆப்பிரிக்க இறையியலார் சிலர் வினவியதுண்டு. கோதுமையப்பமும் திராட்சை இரசமுமே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குருமடத்தில் இவ்வினாவை நாம் தேர்வுக்காகப் படித்தோம். குவாங்கா பீடத்தருகே வைக்கப்பட்டிருக்க, கடல் கடந்து வந்த இரசத்தைக் கிண்ணத்தில் வார்த்தபோது அது தேர்வு வினாவாக இல்லை. எனினும் அம்மக்களின் குறை அதுவன்று. அப்பம் எதனால் ஆனது என்பதை அவர்கள் கேட்கவில்லை, எப்போது வரும் என்றே கேட்டனர்.

அவ்வினாவின் கனம் அன்று பிற்பகலில்தான் நமக்கு விளங்கியது. வேதியர் எங்களை ஊரின் எல்லைக்கு அழைத்துச் சென்றார். புதுமண் காயாத ஒரு கல்லறை. மூதாட்டி ஒருவர், அவருக்கு வேதம் கற்பித்தவரே அவர்தானாம். கிழமை முழுதும் நற்கருணை கேட்டிருக்கிறார். ஆற்றில் இயந்திரத்தின் ஒலி கேட்கும்போதெல்லாம் "சாங்கோ வருகிறாரா?" என வினவியிருக்கிறார். சாங்கோ என்றால் குரு. நாங்கள் சென்றடைவதற்கு ஒன்பது நாள் முன்பு இறந்துபோனார். கல்லறையை மந்திரித்தோம். பிறகு வேதியர் நண்பரை நோக்கி, தணிந்த குரலில், ஆனால் பலநாள் எண்ணி வைத்திருந்தவர் போலக் கேட்டார்: "நற்கருணையை எங்களிடம் விட்டுச் செல்லக்கூடாதா? பூட்டுள்ள பெட்டி ஒன்றை நானே செய்து வைத்திருக்கிறேன்."

நண்பர் உடனே விடை கூறவில்லை. நற்கருணை வைக்கப்படும் இடத்தில், இயன்றவரை மாதம் இருமுறையேனும் குரு திருப்பலி நிறைவேற்றவேண்டும் என்கிறது சட்டம். காரணமில்லாத சட்டமன்று. அக்காட்டின் ஈரத்தில் அப்பம் சில வாரங்களில் பூஞ்சை பிடித்துவிடும். எறும்பும் கரையானும் விடா. இவற்றையெல்லாம் வேதியரும் அறிவார். "இயலாது" என்றார் நண்பர். வேதியர் தலையசைத்தார். அச்சட்டம் சரியென்றே நாம் இன்றும் கருதுகிறோம். ஆனால் "இயன்றவரை" எனும் சொல்லுக்குள் எத்தனை கல்லறைகள் அடங்கும் என்பதைச் சட்ட நூலின் விரிவுரைகள் நமக்குச் சொல்லியிருக்கவில்லை. காத்திருக்கும் திருச்சபை என்று அழகாக மறையுரை ஆற்றலாம். அந்தக் கல்லறையின் அருகில் நின்று அவ்வாறு பேச நமக்கு மனம் வரவில்லை.

அதே புசிரா ஆற்றுப் பகுதியில் முன்னர் இன்னொருவர் காத்திருந்தார். முத்திப்பேறு பெற்ற இசிதோர் பக்கஞ்சா. மோங்கோ இளைஞர், கொத்தனாருக்குக் கையாள், 1906ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றவர். பின்பு ஐரோப்பிய நிறுவனமொன்றின் தோட்டத்தில் வேலைக்குச் சென்று, உடன் உழைத்தோருக்குச் செபம் கற்பித்தார். கழுத்தில் அணிந்திருந்த உத்தரியத்தைக் கழற்ற மறுத்ததால், 1909ஆம் ஆண்டில் மேலாளரின் ஆணைப்படி ஆணி பொருத்திய தோல்சவுக்கால் அடிக்கப்பட்டார். புண்கள் புரையோடின. குருக்கள் அவரிடம் வந்து இறுதி அருட்சாதனங்களை அளித்தது சூலை இறுதியில். தம்மை அடிக்கச் செய்தவரை மன்னித்து, ஆகஸ்டு 15ஆம் நாள், விண்ணேற்புத் திருநாளில் இறந்தார். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். அவ்வூர்ச் சிற்றாலயத்தில் அவருடைய படம் இருக்கிறது. அவரைப் பற்றி வேதியர் பேசியபோது, "அவருக்கும் தாமதமாகத்தான் வந்தது" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. உறவினரைப் பற்றிப் பேசும் தொனியே இருந்தது.

இரவில் நெருப்பருகே அமர்ந்திருக்கையில் நம்மிடம் கேட்டார், நண்பர் மொழிபெயர்த்தார்: "உங்கள் ஊரில் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை திருப்பலி, சாங்கோ?"

"நாள்தோறும். ஞாயிறன்று மூன்று."

வெகுநேரம் அதை எண்ணிப் பார்த்தவர் போலிருந்தார். "அப்படியானால் உங்கள் மக்கள் தோட்டத்திற்கு எப்போது போவார்கள்?" மூன்றிற்கும் எல்லாரும் வருவார்கள் என்றே அவர் எண்ணியிருக்கிறார். நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் என்ன விடை சொன்னோம் என்பதை எம் பங்கு மக்களின் ஊகத்திற்கே விட்டுவிடுகிறோம்.

திங்கள் காலையில் புறப்பட்டோம். காட்டின் உட்பகுதியில், சிறுவாய்க்கால் வழியாக அரைநாள் துடுப்பு வலித்துச் செல்லவேண்டிய மீன்பிடிக் குடிலில், காலில் புண்ணோடு ஒருவர் படுத்திருக்கிறார் என்றும், அவர் பெயரும் பட்டியலில் உண்டு என்றும் வேதியர் கூறியிருந்தார். எங்கள் பெரிய தோணி அவ்வாய்க்காலில் நுழையாது. சிறு தோணியில் சென்று திரும்பும் நாளும் நண்பருக்கு இல்லை, அடுத்த ஊரில் காத்திருந்தனர். தேவைப்படும் இடத்தில் வேதியர் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்ல ஆயரின் இசைவு ஏற்கெனவே இருந்தது. ஒரே ஓர் அப்பத்தைச் சிமிழில் இட்டு நண்பர் அவரிடம் அளித்தார். அவர் முழந்தாளிட்டுப் பெற்று, தூய துணியில் சுற்றிச் சட்டைக்குள் கழுத்தோடு கட்டிக்கொண்டார். ஆற்றில் செல்வோர் அங்கே எப்போதும் பாடியபடியேதான் துடுப்பு வலிப்பர். எதிர்ப்படும் தோணியோடு உரக்க நலம் விசாரிப்பர். அவர் யாரிடமும் பேசவில்லை. கரையில் நின்ற மக்களும் அவரை அழைக்கவில்லை. கறுத்த நீரில் ஒலியின்றித் துடுப்பை இறக்கி, வாய்க்காலின் வாயில் தொங்கிய கொடிகளைக் கையால் விலக்கி, உள்ளே போய்விட்டார்.